ஜவ்வரிசி, ரவை, மாவு: பாக்சைட் அரைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் மாமாங்கம் பக்கம், உலைச் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல் செய்யப் புதிதாகப் பட்டறை போட்ட தம்பி ஒருவர், பாக்சைட்டை (அலுமினியத் தாதுக் கல்) அரைக்கும் தன் பால் மில்லை (உள்ளே குண்டுகள் உருண்டு அரைக்கும் உருளை) பார்க்கக் கூப்பிட்டிருந்தார். மில்லை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். "அண்ணா, எட்டு மணி நேரம் ஓட்டினேன். முகத்துக்குப் பூசுற பவுடர் மாதிரி வந்திருக்கு பாருங்க!" முகத்தில் அவ்வளவு பெருமை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே முகத்தோடு நின்றவன்தான். அதனால் அவரிடம் எடுத்த எடுப்பில் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. டீ குடித்துவிட்டு அப்புறம் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

ஓடுகிற மில்லில் கையை விடாதே, பெல்ட்டுக்கு மூடி போடு என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதற்குள் போகவில்லை.

பச்சைக் கல்லை அரைப்பது

சேர்வராயன் மலையிலேயே பாக்சைட் இருக்கும்போது வெளியில் ஏன் வாங்க வேண்டும் என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்காட்டுக் கல்லும் கொல்லிமலைக் கல்லும் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிய காலம் உண்டு. அங்கே கல்லைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவை (அலுமினிய ஆக்சைடு) மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இரும்பு செஞ்சேறாக ஒதுங்கிவிடும். நாம் எதையும் கரைப்பதில்லை. கல்லைச் சிவப்பாக்கும் இரும்பு முழுவதும் அப்படியே நம் செங்கல்லுக்குள் உட்கார்ந்து, சூட்டில் மற்றதையும் இளக்கிவிடும்.

அதோடு பச்சைப் பாக்சைட்டில் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. பாக்சைட்டில் உள்ள கிப்சைட் என்ற கனிமம் சுத்தமாக இருந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். உலையில் அது வெளியேறும்போது செங்கல் சுருங்கி வெடிக்கும். 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் நன்றாகச் சுட்ட கால்சைன்டு பாக்சைட்தான் நமக்கு வேண்டியது. அலுமினா 85 சதவீதத்துக்குக் குறையாமலும், இரும்பு ஆக்சைடு 2 சதவீதத்தை ஒட்டியும், அடர்த்தி 3.1க்கு மேலும் இருக்கிறதா என்று டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சுடும்போது கல்லின் பெரும்பகுதி குருந்தமாக (மிகக் கடினமான அலுமினாப் படிகம்) மாறிவிடுவதால் அது மில்லைத் தேய்க்கும், முரண்டு பிடிக்கும். சுண்ணாம்புக்கட்டி மாதிரி சுலபமாக அரைபட்டால் சரக்கின் மேல் சந்தேகப்படுங்கள்.

எல்லாவற்றையும் மாவாக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற தவறு இதுதான். "எவ்வளவு நைசோ அவ்வளவு தரம்" என்று எனக்கு மில் விற்றவர் சொன்னார். நம்பினேன். கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரிக்கு உலை மூடி வார்க்க கேஸ்டபிள் (தண்ணீர் ஊற்றிக் குழைத்து அச்சில் வார்க்கும், சூடு தாங்கும் கலவை) கேட்டிருந்தார்கள். இரண்டு டன் பாக்சைட்டையும் 200 மெஷ் சல்லடையில் இறங்கும்வரை, அதாவது 75 மைக்ரானுக்குக் கீழே, அரைத்துத் தள்ளினேன். கரண்ட் பில்லைப் பார்த்தபோதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

சிமெண்ட் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினால் குடித்துக்கொண்டே இருந்தது. நூறு கிலோவுக்கு ஆறேழு லிட்டர் போதுமான இடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு போனது. பொடி சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும். அத்தனையையும் நனைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் ஓட்டை. மூன்றாம் நாள் மூடியின் மேல் கோடையில் ஏரித்தரை வெடித்த மாதிரி கோடுகள். பூசி மறைத்து அனுப்பினேன் (அதுவும் தப்பு). உலையில் ஏற்றியதும் இன்னும் சுருங்கிப் பாளம் பாளமாக உரிந்து விழுந்தது. பணம் வரவில்லை. போக வர லாரி வாடகையும் என் தலையில்.

ஒரே அளவுக் குண்டுகளை டப்பாவில் கொட்டிக் குலுக்கினால் நூற்றுக்கு 36 முதல் 40 பங்குவரை காலி இடம்தான். பெரிய மணிகளின் சந்தில் சிறியது, அதன் சந்தில் மாவு என்று புகுந்தால்தான் அடர்த்தி வரும். கான்கிரீட்டில் ஜல்லி, மணல், சிமெண்ட் எதற்கு? இங்கேயும் அதே கணக்கு. பெரிய மணிகள் சுருங்குவதில்லை. ஓடி வரும் விரிசலையும் அவை தடுத்து நிறுத்தும். வெறும் மாவில் விரிசலுக்குத் தடையே கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஜவ்வரிசி, ரவை, மாவு. ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்வரை ஜவ்வரிசி. அதற்குக் கீழே பத்தில் ஒரு மில்லிமீட்டர்வரை ரவை. மிச்சம் மாவு. நான் ஆரம்பிப்பது 45, 20, 35 என்ற பங்கில். பிறகு வேலையைப் பார்த்து மாற்றிக்கொள்வேன். கல்லை உடைக்கும் ஜா க்ரஷர், ரோல் க்ரஷர் ஒவ்வொன்றிலும் இறங்கியதை உடனே சலித்து எடுத்துவிடுங்கள். மாவுக்கான பங்கு மட்டும் பால் மில்லுக்குப் போனால் போதும். அதையும் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டாம். ஒரு கட்டத்துக்கு மேல் பொடி குண்டுகளிலும் சுவரிலும் அப்பிக்கொள்ளும். மீட்டர்தான் ஓடும்.

கலவை சரியா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு லிட்டர் டின்னில் போட்டுத் தட்டித் தட்டி நிரப்பி எடை போடுங்கள். பங்கை மாற்றி மாற்றி நாலைந்து தடவை. எடை கூடின கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. இது தெரிய எனக்கு இரண்டு டன் செலவானது. ரவையை எப்போது வேண்டுமானாலும் மாவாக்கலாம், மாவை ரவையாக்க வழியில்லை. மிஞ்சின மூட்டைகளை மாவுப் பங்குக்காக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தேன்.

காந்தத்தை மலைபோல் நம்புவது

குருந்தம் எஃகுக் குண்டைத் தேய்க்கும். அந்த இரும்புத்தூள் சுடும்போது கரும்புள்ளியாகி அங்கேயே உருகும். கார்பன் மோனாக்சைடு சுற்றுகிற உலை என்றால் தொல்லை வேறு மாதிரி. 500 டிகிரி சுற்றுவட்டாரத்தில் அந்த இரும்பின் மேல் கரி படிந்து, படிந்த கரியே செங்கல்லைப் பிளக்கும். பொடியைக் காந்தத்தின் மேல் ஓட்டியே தீர வேண்டும். ஆனால் காந்தம் பிடிப்பது மில் போட்ட இரும்பைத்தான். கல்லுக்குள் ஆக்சைடாக இருப்பது அசைந்துகொடுக்காது. கட்டுப்படியானால் அலுமினாக் குண்டும் அலுமினா லைனிங்கும் போடுங்கள்.

வெள்ளைக்கல் ஓடிய மில்

சேலத்துக்கே உரிய தவறு. நேற்று மாக்னசைட் அரைத்த மில்லில் இன்றைக்குப் பாக்சைட் போடுவது. ஒட்டியிருக்கும் மக்னீசியா, சூட்டில் அலுமினாவோடு சேர்ந்து ஸ்பினல் என்ற வேறொரு பொருளாகிப் பருமன் கூடும். கழிவுப் பாக்சைட் கொஞ்சம் ஓட்டிக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

துண்டு முகமூடி ஆகாது

தூசுக்கென்றே உள்ள மாஸ்க் வாங்குங்கள்.

மூட்டையில் எழுதாதது

எந்தச் சரக்கு, எந்த அளவு, எந்தத் தேதி. சுண்ணாம்பால் அல்ல, பெயிண்டால்.