கூடத்துச் சுவரில் ஓதம் நின்றது இப்படித்தான்

கும்பகோணத்தில் தாத்தா காலத்து வீடு. முற்றத்தை ஒட்டிய கூடத்துச் சுவர் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பொரிந்து கொட்டியது. மூன்று முறை சிமெண்ட் பூசினோம், மூன்று முறையும் பெயர்ந்தது. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரம் உப்போடு சேர்ந்து செங்கல்லையே அரிக்கிறது.

முற்றத்துத் தூம்பு அடைத்திருந்தது. முதலில் அதைச் சரிசெய்தோம். சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துச் சுவரை நன்றாகக் காயவிட்டோம். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, தினமும் தண்ணீர் தெளித்தோம். வயதான கொத்தனார் அவசரப்படவே விடவில்லை, அவருக்குத்தான் நன்றி. மேலே பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளை மட்டும். இரண்டு ஐப்பசி மழை போய்விட்டது, சுவர் காய்ந்தே இருக்கிறது.