கம்பியில்லாக் கண்காணிப்புக் கேமராவின் பேட்டரி நீண்ட நாள் உழைக்க

பெட்டியின் மேல் ஆறு மாதம் வரை உழைக்கும் என்று அச்சிட்டிருந்த கேமரா மூன்றே வாரத்தில் சார்ஜ் கேட்டால், பழி முதலில் பேட்டரியின் மேல்தான் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் பேட்டரிக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. கேமரா நாள் முழுவதும் வீணாக விழித்துக்கொள்வதுதான் சிக்கல்.

பேட்டரியில் இயங்கும் கேமரா பெரும்பாலான நேரம் உறக்க நிலையில் இருக்கிறது. உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சிறிய சென்சார் மட்டும் அப்போது வேலை செய்கிறது. ஆளோ விலங்கோ கடக்கும்போது சென்சார் தட்டி எழுப்ப, கேமரா படம் பிடித்து, வைஃபை வழியாக அனுப்பிவிட்டு மீண்டும் உறங்குகிறது. ஒரு கணக்குக்கு, உறக்கத்தில் 5 மில்லிவாட்டும் விழிப்பில் 1.5 வாட்டும் செலவாகிறது என்றும், பேட்டரி 3.7 வோல்ட், 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்டது என்றும் வைத்துக்கொள்வோம். 20 விநாடிப் பதிவு நாளொன்றுக்கு 100 முறை நடந்தால் பேட்டரி ஏறத்தாழ 19 நாளில் தீர்ந்துவிடும். அதுவே 20 முறையாகக் குறைந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

ஆகவே, எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், செயலியைத் திறந்து ஒரு முழு நாளின் பதிவுகளைப் பொறுமையாகப் பாருங்கள். தெருவை நோக்கிய கேமரா என்றால் பால்காரரின் வண்டி, காம்பவுண்டு சுவரில் நடக்கும் பூனை, எதிர்வீட்டுக் கார், வெயிலில் சூடேறிக் காற்றில் ஆடும் கொடித்துணி ஆகியவையே பட்டியலை நிரப்பியிருக்கும். உங்கள் வீட்டு வாசலுக்கு உண்மையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், எவ்வளவு வீணாகிறது என்பது விளங்கிவிடும்.

இதைச் சரிசெய்ய முதலில் தொட வேண்டியது கேமரா மாட்டிய இடத்தை. இவ்வகை சென்சார், நேரெதிரே நடந்து வருபவரைக் காட்டிலும் குறுக்கே கடப்பவரை எளிதில் உணரும். கேட்டுத் தூணில் தெருவைப் பார்த்தபடி மாட்டினால் போவோர் வருவோர் எல்லோரும் குறுக்கே கடப்பவர்களாகிவிடுகிறார்கள். பேட்டரிக்கு இதைவிடக் கேடான இடம் வேறில்லை. அதற்குப் பதிலாக, போர்டிகோவின் பக்கச் சுவரில் 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, கேட்டிலிருந்து கதவுக்கு வரும் பாதை குறுக்காக விழும்படி மாட்டினால், தெரு பார்வையிலிருந்து விலகிவிடும்; உள்ளே வருபவர் மட்டும் தவறாமல் பதிவாவார். ஏசியின் வெளிப்புறப் பெட்டி வெப்பக் காற்றை ஊதும் திசையையும், வெயிலில் காயும் தகரக் கூரையையும் கேமரா பார்க்காதபடி திருப்பிவிடுங்கள்.

அடுத்தது உணர்திறன். கத்திரி வெயிலில் சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கிவிடுவதால் சென்சார் மந்தமாகும். அதற்காக மே மாதத்தில் உணர்திறனைக் கூட்டியவர்கள், மழைக்காலம் தொடங்கியதும் மறக்காமல் குறைத்துவிட வேண்டும். பதிவின் நீளத்தைக் குறைப்பதும், இரண்டு பதிவுகளுக்கு இடையிலான ஓய்வு நேரத்தைக் கூட்டுவதும், வீட்டில் எல்லோரும் நடமாடும் பகல் வேளையில் பதிவை நிறுத்தி வைப்பதும் உடனடியாகப் பலன் தரும். ஆனால், ‘மனிதர் மட்டும்’ என்ற தேர்வை முழுமையாக நம்பிவிடக் கூடாது. சில கேமராக்கள் ஒவ்வோர் அசைவுக்கும் விழித்துப் படம் பிடித்த பிறகுதான் அது மனிதரா என்று ஆராய்கின்றன. உங்களுக்கு வரும் அறிவிப்பு குறையுமே தவிர, மின்செலவு குறையாது. திரையில் கோடு வரைந்து பகுதி ஒதுக்கும் வசதிக்கும் இது பொருந்தும். எனவே மாற்றம் செய்த பிறகு அறிவிப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல், ஒரு வாரத்தில் பேட்டரி எத்தனை விழுக்காடு இறங்கியது என்பதைப் பாருங்கள்.

நேரலை பார்ப்பது பேட்டரியை மிக வேகமாகத் தின்னும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் பெற்றோர் நலமாக இருக்கிறார்களா என்று ஆளுக்கொரு முறை திறந்து பார்ப்பது இயல்புதான். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஓரிடத்துக்கு மட்டும் மின்கம்பி இழுத்து, நேரடி மின்சாரத்தில் இயங்கும் கேமராவை வைத்துவிடுவதே முறை.

வைஃபையைப் பலர் கவனிப்பதில்லை. சிக்னல் வலுவிழந்த இடத்தில் ஒரே காட்சியை அனுப்பக் கேமரா அதிக நேரம் விழித்திருக்க நேரும். கான்கிரீட் சுவர்களைத் தாண்ட வேண்டிய இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே நன்றாக எட்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: மின்தடையின்போது ரூட்டர் அணைந்தால், பல கேமராக்கள் இணைப்பைத் தேடித் தேடிச் சார்ஜை இழக்கின்றன. ரூட்டருக்கென விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால் இந்த இழப்பு நின்றுவிடும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கண்காணிப்பு தொடரும்.

இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதற்கும் மின்சாரம் செலவாகிறது. வாசலில் ஓர் எல்இடி பல்பு போதிய வெளிச்சம் தந்தால் பல கேமராக்கள் அவற்றை எரியவிடுவதில்லை. காட்சியும் வண்ணத்தில் கிடைக்கும்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு வெப்பம் பெரும்பகை. மேற்கு வெயில் நேரடியாக விழும் சுவரைத் தவிருங்கள். சார்ஜ் முழுவதும் இறங்கும்வரை விடாமல் 20 விழுக்காட்டிலேயே கழற்றி, நிழலில் ஆறவிட்டு, பிறகு சார்ஜ் ஏற்றுங்கள். பொதுவாக இவற்றை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அடாப்டர் கையேட்டில் குறித்துள்ள அளவினதாக இருக்கட்டும்.

சோலார் பேனல் சேர்ப்பவர்கள் கேமராவை நிழலிலும் பேனலை வெயிலிலும் வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். அந்தச் சாய்வில் மழைநீர் தூசியையும் ஓரளவு கழுவிச் செல்லும். தென்னங்கீற்றின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும் என்பதால், காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே திருகாணியை முடுக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சார்ஜ் நிற்கவில்லையென்றால் அப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம். உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட்டு, குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிப்பவரிடமோ விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன.