‘நொஸ்ஃபெராட்டு’வை மறுபடி எடுக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவின் மௌனப் படமான ‘நொஸ்ஃபெராட்டு’ 1922 மார்ச் 4 அன்று பெர்லினில் திரையிடப்பட்டது. 1979-ல் வெர்னர் ஹெர்சாக், 2024-ல் ராபர்ட் எகர்ஸ் என்று பெரிய கைகள் அதைத் திரும்ப எடுத்துவிட்டன. இவை போக குறும்படம், கல்லூரி புராஜெக்ட், யூடியூப் முயற்சி என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இந்த ரத்தக்காட்டேரியைத் தட்டி எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். எழுப்புகிறவர்கள் மாறினாலும் பிழைகள் மாறுவதில்லை.

பல் செட் பொருந்தவில்லை, வசனம் சரியாகப் பதிவாகவில்லை போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் நாள் படப்பிடிப்பிலேயே தெரிந்துவிடும், திருத்திக்கொள்வீர்கள். எடிட்டிங் மேஜைக்கு வந்த பிறகு, பணமும் தேதியும் தீர்ந்த பிறகு தெரியும் தவறுகள் வேறு.

கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்த்துவிட்டு, இரவைக் கும்மிருட்டாக எடுப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே.

இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும் பழைய பிரதிகளில் காட்டேரியான ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் நடந்து வரும் காட்சியைப் பாருங்கள். நல்ல வெயில். காலடியில் நிழல் விழுகிறது. வெயில் பட்டால் செத்துப்போகும் காட்டேரி பட்டப்பகலில் பெட்டியோடு உலாவுகிறானே என்று பார்க்கிறவர் சிரிப்பார். அதைப் பார்த்துத்தான் ரீமேக் எடுக்கக் கிளம்புகிறவர், “அந்தக் காலத்தில் வசதி இல்லை, நாம் நிஜ இரவில் எடுப்போம்” என்று முடிவு கட்டுகிறார்.

முர்னாவும் ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னரும் அதை இரவாகத்தான் எடுத்தார்கள். 1921-ல் கையில் இருந்த ஃபிலிமுக்கு ஒளி உணர்வு குறைவு. சிவப்பு அதன் கண்ணுக்கே தெரியாது, நீலம் மட்டும் அளவுக்கு மீறித் தெரியும். நீல வானம் வெள்ளையாக எரிந்துபோவதும் உதடுகள் கறுத்துத் தெரிவதும் அதனால்தான். இரவில் ஒரு தெரு முழுவதையும் அந்த ஃபிலிமில் பதிவு செய்வது நடக்கிற காரியமில்லை. எனவே வெளிப்புற இரவுக் காட்சிகளை வெயிலில் எடுத்து, பிரிண்ட்டை நீலச் சாயத்தில் நனைத்தார்கள். விளக்கெரியும் அறைக்கு மஞ்சள் சாயம், விடியலுக்கு இளஞ்சிவப்பு. அன்றைய பார்வையாளருக்கு நீலம் என்றால் இரவு. பின்னாளில் அந்தப் பிரிண்ட்களைச் சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நகலெடுத்தபோது சாயம் போயிற்று. சாயத்தோடு இரவும் போயிற்று. 2006-ல் முடிந்த சீரமைப்பில்தான், பிழைத்திருந்த சாயமேற்றிய பிரெஞ்சு பிரிண்ட்டை வைத்து நிறங்களை மீட்டார்கள். ரீமேக்குக்கு முன் பார்க்க வேண்டிய பிரதி அது ஒன்றுதான்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். கதையே இதில்தான் நிற்கிறது. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பகலில் நடமாடுவான்; சக்தி குறையுமே தவிர சாகமாட்டான். சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழிந்துபோவான் என்பது இந்தப் படம் கொண்டுவந்த விதி. கடைசிக் காட்சியில் சேவல் கூவுகிறது. ஓர்லோக் நாயகி எலனின் கழுத்திலிருந்து தலை நிமிர்கிறான். ஜன்னலோரம் வருகிறான், உருவம் கரைந்துபோகிறது, தரையில் ஒரு கொத்துப் புகை. இரவுக்கும் விடியலுக்கும் நடுவே உள்ள நிற வித்தியாசம்தான் இங்கே கொலை ஆயுதம். ஒன்றரை மணி நேரம் திரையைக் கும்மிருட்டாக வைத்திருந்தால் பார்வையாளரின் கண்ணுக்கு இரவு என்ற ஒன்று பதியவே பதியாது. ஏதோ தெரியவில்லை என்பதுதான் பதியும். பிறகு விடியும்போது அவருக்கு வரும் உணர்வு, “அப்பாடா, இப்போதாவது தெரிகிறது” என்பதுதான். காட்டேரி செத்தது இரண்டாம்பட்சமாகிவிடும்.

நிஜ இரவில், இருக்கும் இரண்டு விளக்கை வைத்து, கேமராவின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓ-வை, 6400-க்கு ஏற்றி எடுப்பார்கள். நிழல் பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். அதை மறைக்க டிஐ-யில் (கிரேடிங், அதாவது நிறமும் வெளிச்சமும் திருத்தும் கட்டம்) இன்னும் இருட்டாக்குவார்கள். கிரேடிங் அறை இருட்டு, மானிட்டர் விலை உயர்ந்தது. அங்கே அழகாகத்தான் இருக்கும். வீட்டு டிவியில் கறுப்புச் சதுரம். செல்போனில் பார்க்கிறவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார்.

குறைந்த செலவில் இரவைப் பகலில் எடுப்பது இன்றைக்கும் சரியான வழிதான். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். உச்சி வெயில் கூடாது. சூரியன் நடிகரின் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். தோளிலும் தலைமுடியிலும் கோடு போல வெளிச்சம் விழும், முகம் நிழலில் இருக்கும். நிலா வெளிச்சம் என்று கண் நம்பிவிடும். கேமராவில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை மட்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள், மிச்சத்தை கிரேடிங்கில் இறக்கலாம். கேமராவிலேயே நான்கு ஸ்டாப் குறைத்தால் பிறகு மீட்க எதுவும் இருக்காது. வானத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் மேல்பாதியை மட்டும் இருட்டாக்கும் கிரேடட் என்டி ஃபில்டர். தரையை நனைத்துவிடுங்கள், பின்னொளி அதில் பளபளக்கும்.

வீட்டு ஜன்னல்களில் விளக்கெரிய வேண்டிய ஷாட்டில்தான் சிக்கல். பகல் வெளிச்சத்தை எந்த மெழுகுவர்த்தியும் ஜெயிக்காது. கேமராவை அசைக்காமல் டிரைபாடில் பூட்டி, பகலில் ஒரு முறையும் அந்தியில் ஜன்னல் விளக்கோடு ஒரு முறையும் எடுத்து இரண்டையும் இணைத்துவிடுங்கள். முழு ஷாட்டையும் அந்தியிலேயே எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வட ஜெர்மனியில் கோடை அந்தி நெடுநேரம் நீளும். நம் ஊரில் ஒரு வைட் ஷாட்டுக்கு ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

கிரேடிங்கில் நீலத்தைக் கொட்டுவது அடுத்த அபத்தம். சாயத்தைப் பின்பற்றுகிறேன் என்று சொல்லிப் பாத்திரங்களை நீலச் சாயத்தில் முக்கியெடுத்தது போல ஆக்கிவிடுகிறார்கள். 2024 படத்தில் ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார், நிலாக் காட்சிகளில் சிவப்பை வெட்டும் ஃபில்டரால் ஏறத்தாழ நிறமே இல்லாத வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். மங்கிய ஒளியில் மனிதக் கண்ணும் நிறத்தை இழந்துதான் பார்க்கிறது. நிறத்தைக் குறைத்து, நீலத்தை லேசாகத் தடவினால் போதும். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் முகத்தின் வெளிச்சப் பக்கம் 15, 20 சதவீதத்துக்குக் கீழே போகாமலும், ஃபிரேமில் ஏதாவது ஒன்று, ஒரு காலரோ ஈரக் கல்லோ, 50-ஐத் தொடும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவது பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன வெளிச்சம்தான். கடைசியில், சாதாரண செல்போனில், பிரைட்னஸைப் பாதி வைத்து, பகல் நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வேகம்

மௌனப் படம் என்றால் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்ற எண்ணமும் கெட்ட பிரதிகள் தந்ததுதான். நொடிக்கு 18 ஃபிரேமில் சுமார் 94 நிமிடம் ஓட வேண்டிய படத்தை 24-ல் ஓட்டினால் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். முர்னா வேகத்தை வேண்டுமென்றே ஏற்றிய இடம் உண்டு: எலனின் கணவன் ஹுட்டரைக் கூட்டிப்போக வரும் கோச்சு வண்டி வெட்டி வெட்டிப் பாய்கிறது, காடு நெகட்டிவில் வெள்ளையாகத் தெரிகிறது. மற்ற இடங்களில் மனிதர்கள் மனிதர்களாக நடப்பதால்தான் அந்த வண்டி பயமுறுத்துகிறது. எல்லாவற்றையும் ஓடவிட்டால் வண்டிக்கு ஒன்றும் மிச்சமில்லை.

செயற்கைக் கீறல், தூசி, நடுக்கம்

வேண்டாம்.

மாடிப்படி நிழலை சாஃப்ட்பாக்ஸில் எடுப்பது

படிக்கட்டுச் சுவரில் நகமும் கூனலுமாக ஏறிப்போகும் அந்த நிழலை எல்லோரும் எடுக்க ஆசைப்படுகிறார்கள். பாதிப் பேருக்குச் சுவரில் ஒரு சாம்பல் மேகம்தான் கிடைக்கிறது. காரணம் எளிய கணக்கு. விளக்கிலிருந்து நடிகர் 1 மீட்டர், சுவர் 4 மீட்டர் என்றால் நிழல் நான்கு மடங்கு பெரிதாகும். ஆனால் நிழலின் விளிம்பு மங்குவது விளக்கின் அளவைப் பொறுத்தது. 10 செ.மீ. அகல விளக்கு இந்தத் தூரத்தில் விளிம்பை 30 செ.மீ. அகலத்துக்குக் கலைத்துவிடும்; விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். 1 செ.மீ. அளவுள்ள ஒளிப்புள்ளி என்றால் கலைவது 3 செ.மீ.தான். சாஃப்ட்பாக்ஸ் போல ஒளியைப் பரப்பும் டிஃப்யூஷன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எல்இடி பேனல் உதவாது. ரிஃப்ளெக்டர் இல்லாத, வெறும் சிப் மட்டும் உள்ள சிறிய விளக்கு ஒன்று போதும், அறையில் மற்ற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். கையைச் சுவருக்கு இணையாக, பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். விளக்கை நோக்கி நீட்டினால் நகம் தெரியாது.

முகத்தைக் காப்பியடிப்பது

1922-ல் ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் மொட்டைத் தலை, கூர்க்காது, எலியைப் போல நடுவில் நீண்ட முன்பற்கள். இந்த முகம் ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூனில் வந்து லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துவிட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. குழந்தைகளுக்கே தெரிந்த முகம் இனி அதிர்ச்சி தராது. 1979-ல் கிளவுஸ் கின்ஸ்கி அதே மேக்கப்போடு நடித்தார். ஆனால் சாக முடியாமல் சலித்துப்போன ஒரு நோயாளியாக நடித்தார். எகர்ஸ் அந்த மேக்கப்பையே விட்டுவிட்டு, இறந்து அழுகிய கார்ப்பாத்திய மலைப் பிரபு ஒருவனை மீசையோடு கொண்டுவந்தார்.

மூக்கு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வளைந்த பெரிய மூக்கோடு ஓர் அந்நியன் கிழக்கிலிருந்து எலிகளையும் கொள்ளைநோயையும் ஜெர்மன் நகரத்துக்குக் கொண்டுவருகிறான். யூத வெறுப்புப் பிரசாரச் சித்திரங்களின் சாயல் இதில் இருப்பதாக விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீனும், ஹுட்டரின் முதலாளி நாக் வேடத்தில் நடித்த அலெக்ஸாண்டர் கிரானாக்கும் யூதர்கள் என்பதால் அந்தக் கேள்வி காணாமல் போய்விடாது. தெரியாமல் அதே முகத்தை ஒட்டவைத்தால் அந்தச் சாயலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

அகலத் திரை

ஓர்லோக் பெரும்பாலும் வளைவுக்குள், கதவு நிலைக்குள், சவப்பெட்டி போன்ற ஏதாவது ஒன்றுக்குள் நிற்கிறான். ஸ்லோவாகியாவின் ஓராவா கோட்டை வாசலும் அப்படித்தான் பயன்படுகிறது. 2.39 விகிதத்தில் (திரையின் அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு) எடுத்தால் வளைவின் தலை வெட்டுப்படும், இரண்டு பக்கமும் காலிச் சுவர் நிற்கும். எகர்ஸ் 1.66-ல் எடுத்தார். நீங்களும் 1.33-க்கும் 1.66-க்கும் நடுவில் இருங்கள்.

எலிகள்

ஹெர்சாக் 11,000 எலிகளை வரவழைத்தார். ஆய்வகத்து வெள்ளை எலிகள். சாம்பல் நிறம் ஏற்ற வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர நிர்வாகம் எலிகளை உள்ளே விட மறுத்ததால் அந்தக் காட்சிகளை ஷிடாமில் எடுத்தார்கள். அந்த எலிகள் பட்ட பாடு பற்றிய புகார்கள் இன்றுவரை அந்தப் படத்தைத் துரத்துகின்றன. உங்களுக்குத் தேவை பத்து ஷாட் என்றால் ஒன்பதில் சத்தம் போதும்.

எலனிடமிருந்து முடிவைப் பிடுங்குவது

ரீமேக் என்றதும் நாவலில் காட்டேரியை வேட்டையாடும் புரொபசர் வான் ஹெல்சிங்கை அழைத்துவந்து, கையில் ஆப்பு கொடுத்து, கிளைமாக்ஸில் சண்டை வைக்கிறார்கள். 1922 படத்தில் அவருடைய இடத்தில் வரும் புரொபசர் புல்வர் ஏறத்தாழ ஒன்றுமே சாதிப்பதில்லை. படிக்காதே என்று கணவன் சொன்ன புத்தகத்தை எலன் படிக்கிறாள். வழியை அவளே கண்டுபிடிக்கிறாள். ஜன்னலை அவளே திறக்கிறாள். புல்வரைக் கூட்டிவா என்று ஹுட்டரை வெளியே அனுப்புவதும் அவள்தான். நேரம் போதவில்லை என்று எடிட்டர் முதலில் கை வைப்பது இந்தச் சின்னச் சின்ன ஷாட்களில்தான். புத்தகம் படிக்கும் ஷாட்டை வெட்டினால் கடைசியில் அவள் படுக்கையில் கிடக்கும் இரையாகிவிடுவாள்.

முடிவை மாற்றக் கூடாது என்றில்லை. ஹெர்சாக் படத்தில் அவள் செய்த தியாகம் வீணாகி, கணவனே அடுத்த காட்டேரியாகக் குதிரை ஏறிப்போகிறான். எகர்ஸ் முதல் காட்சியிலேயே அவளுக்கும் ஓர்லோக்குக்கும் உறவைப் பிணைத்துவைக்கிறார். இருவருமே மாற்றினார்கள், ஆனால் ஜன்னலோரத்து முடிவை அவளிடமே விட்டுவைத்தார்கள்.

பிரபுவைப் பேசவிடுவது

குறைவாக. தன்னைப் பற்றி விளக்கவே கூடாது.

உரிமை

தயாரிப்பு நிறுவனமான பிரானா-ஃபிலிம் ‘டிராகுலா’ நாவலின் உரிமையைக் கேட்காமலே இந்தப் படத்தை எடுத்தது. பாத்திரப் பெயர்களை மாற்றியது காப்பாற்றவில்லை. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார், 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இன்று நாவலும் 1922 படமும் பொதுவுடைமை, எடுத்துக்கொள்ளலாம். சீரமைத்த பிரதியிலிருந்து காட்சித் துண்டையோ இசையையோ வெட்டி ஒட்டாதீர்கள். ஹான்ஸ் எர்ட்மன் எழுதிய அசல் இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. வீடியோவில் கேட்பது பெரும்பாலும் பின்னால் வந்த ஒருவர் கோத்ததோ புதிதாக எழுதியதோ, அதற்குத் தனி உரிமையாளர் இருப்பார். 1979-லும் 2024-லும் புதிதாகச் சேர்த்தவை அந்தந்தப் படங்களுக்குச் சொந்தம். மீசையையும் விட்டுவிடுங்கள்.