பழைய லாரியில் ஆயில் ஒழுக்கு: கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கியர் பாக்ஸையும் கிளட்சையும் இறக்கி, கிராங்கின் (என்ஜினின் சுழல்தண்டு) பின்பக்க ஆயில் சீலை மாற்றி, கூலியையும் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள், பெல் ஹவுசிங்கின் (என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் அதே இடத்தில் அதே கறுப்புச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் கொண்ட, 19 ஆண்டுகள் ஓடிய லாரி அது. நாமக்கல்லிலிருந்து தூத்துக்குடி போய்த் திரும்புவதற்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. ஒழுக்கின் ஊற்றுக்கண்ணை நான் தேடிப் பிடித்த முறையை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். சக்கரத்துக்கு அடைக்கட்டை கொடுப்பது, பேட்டரி ஒயரைக் கழற்றுவது போன்றவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில், ஒழுகுவது என்ஜின் ஆயில்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். டீசல் என்ஜினின் ஆயில் கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் பழுப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதோடு, கந்தக நெடியும் அடிக்கும். பெல் ஹவுசிங்கின் அடித்துளை வழியாக இந்த இரண்டில் எதுவும் வரலாம். கியர் ஆயில் என்றால் தேட வேண்டிய இடம் கியர் பாக்ஸின் முன்பக்க சீல். இந்தக் குறிப்பு உங்களுக்குப் பயன்படாது.

அடுத்தது கழுவுதல். நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாட்டர் சர்வீஸில் விட்டு வெளிப்பக்கம் பளபளவென்று ஆனதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் மேல்விளிம்பிலும், பம்புக்கு அடியிலுள்ள பள்ளத்திலும், என்ஜின் பவுண்டேஷன் ரப்பருக்குப் பின்னாலும் களிமண்ணும் ஆயிலும் சேர்ந்து விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. என்ஜின் சூடானதும் அந்தப் பழைய ஆயிலே இளகி வழிய, அதைப் புதிய ஒழுக்கு என்று நம்பி இரண்டு நாள் தவறான இடத்தில் தேடினேன். ஆகவே, குளிர்ந்த என்ஜினில் டைனமோ, செல்ப் மோட்டார், காற்று இழுக்கும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டிவிட்டு, அப்பியிருப்பதைத் தகட்டால் சுரண்டி, டீசலும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, கம்ப்ரசர் காற்றால் ஒவ்வொரு சந்துபொந்தையும் ஊதிக் காயவையுங்கள். வெள்ளைத் துணியால் தொட்டால் கறை படியக் கூடாது. அரை நாள் வேலைதான், ஆனாலும் இதில் அவசரப்பட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண்.

காய்ந்த என்ஜின்மேல், சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் சாதாரண முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். கோலமாவைத் தூவ வேண்டாம். அது கல்பொடி, காற்றோடு என்ஜினுக்குள் போனால் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவரை, தேய்த்துவிடும். ஆயிலில் கலக்கும் ஒளிர்சாயமும் அதற்கான புற ஊதா விளக்கும் கடைகளில் கிடைக்கின்றன. சொட்டாமல் லேசாகக் கசியும் ஒழுக்குக்கு அவை நல்லவை. சொட்டுச்சொட்டாக விழும் ஒழுக்குக்குப் பவுடரே போதும் என்பது என் கருத்து. அதேபோல், நீண்ட கைப்பிடிக் கண்ணாடியைவிட, செல்போனைச் சந்துக்குள் நீட்டி வீடியோ எடுப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

பத்து நிமிடம் என்ஜினை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால், லோடோடு 20 கிலோமீட்டர் போய்வந்து பாருங்கள். சொட்டும் இடத்தைப் பார்க்காமல், நனைந்த பவுடரின் மிக உயரமான, மிக முன்புறமான புள்ளியைத் தேட வேண்டும். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். என் வண்டியில் பெல் ஹவுசிங்கிலிருந்து மேல்நோக்கிச் சென்ற ஈரக்கோடு, டாப்பெட் கவரின் (என்ஜின் உச்சியில் வால்வுகளை மூடும் மூடி) பின்மூலையில் போய் முடிந்தது. அங்கே கவருக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கும் கார்க் பேக்கிங் ஓடுபோல் இறுகிப்போயிருந்தது. ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், ஏர் கம்ப்ரசருக்குப் போகும் ஆயில் குழாய், டர்போவின் திரும்புகுழாய் ஆகியவையும் இப்படி ஏமாற்றக்கூடியவை.

பேக்கிங்கை மாற்றினேன், ஒரு வாரத்தில் மறுபடியும் ஈரம். அப்போதுதான் பிரீதரைப் பார்க்கத் தோன்றியது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை வெளியேற வேண்டிய வழி அது. அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். என் லாரியின் பிரீதர் ஹோஸை சேஸிஸ் ஓரமாகத் தடவிக்கொண்டே போனேன். அதன் முனையை யாரோ மடக்கி, கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். அங்கே சொட்டிய ஆயிலை நிறுத்துவதற்காகச் செய்த வேலை அது! கம்பியை வெட்டியதும் ஹோஸ் ‘புஸ்’ஸென்று மூச்சு விட்டது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயின்மேல் வையுங்கள். பழைய என்ஜினில் லேசான புகையும் நடுக்கமும் இயல்பே. மூடி துள்ளி விழுந்தால் பிரீதரைப் பாருங்கள். பிரீதர் சுத்தமாக இருந்தும் துள்ளினால், பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

பேக்கிங் போடும்போது, கவரின் விளிம்பை இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்து, வளைவு இருந்தால் மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நேராக்குங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் மாற்றி மாற்றிச் சீராக முறுக்குங்கள். அளவு மீறினால் கார்க் பிதுங்கிப் பிளந்துவிடும். சிலிக்கான் கம்மைக் கனமாகப் பூசுவதை நான் ஏற்பதில்லை. உள்ளே பிதுங்கும் கம் உதிர்ந்து, என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் விழுந்தால், ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர், ரேடியேட்டர் ஃபேன் காற்றில் பவுடர் முழுவதும் பறந்துவிடுகிறது என்றார். வெல்டிங் விரிசலைச் சோதிக்கப் பயன்படும் வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரே அதற்குச் சரியாக இருக்கும். அது எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், குளிர்ந்த என்ஜினில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் டிப் ஸ்டிக்கில் அளவு இறங்குகிறது என்று இன்னொருவர் சொன்னார். பிரேக்குக்குக் காற்றைச் சேமிக்கும் அவருடைய ஏர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தண்ணீரோடு கறுப்பு ஆயிலும் பீய்ச்சியடித்தது. பிரேக் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து, ஆயிலைக் காற்றோடு சேர்த்து டேங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.