நொதித்த இஞ்சி பீரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

இஞ்சி பீரைக் கையில் கொடுத்தால் பலரும் ஒரு வாய் குடித்துவிட்டு, "காரம் நல்லா இருக்கு" அல்லது "காரமே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். காரம் முக்கியம்தான். ஆனால் இந்தப் பானத்தில் மிக எளிதாகக் கூட்டக்கூடியதும் அதுதான். இன்னும் கொஞ்சம் இஞ்சி போட்டால் ஏறிவிடும். மணமும் புளிப்பும் இனிப்பும் குமிழியும் அந்தக் காரத்துக்கு ஈடுகொடுத்து நிற்கின்றனவா என்று பார்ப்பதில்தான் மதிப்பீடே இருக்கிறது.

நான் பேசுவது சர்க்கரை, இஞ்சி, எலுமிச்சை, தண்ணீர் ஆகியவற்றை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்து எடுக்கும் பானத்தைப் பற்றி. ஆல்கஹால் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் வரை இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

பாட்டிலை முதல் நாளே ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடியில் தங்கிவிடும், திறக்கும்போது பொங்குவதும் குறையும். வீட்டில் தயாரித்த பாட்டில் என்றால் சிங்க் பக்கத்தில் வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் திறங்கள்.

வெளியே எடுத்ததும் ஊற்றிவிட வேண்டாம். 4 டிகிரி குளிரில் மணம் எழாது, நாக்கும் சரியாக வேலை செய்யாது. 8 முதல் 10 டிகிரிக்கு வரட்டும். வாய் குறுகிய ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். அடிமண்டி கலங்காமல் ஊற்றுங்கள்.

பல மாதிரிகள் இருந்தால் காரம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போக வேண்டும். இஞ்சிக் காரம் நாக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் நான்காவது மாதிரிக்கு மேல் ஒரே அமர்வில் நான் யாரையும் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து. நடுவில் உப்பில்லாத வெறும் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, துப்பிவிடலாம்.

படி 1: கண்

இதற்கு நேரம் செலவழிக்காதீர்கள். வடிகட்டாத இஞ்சி பீர் கலங்கலாகத்தான் இருக்கும். நுரை சட்டென அடங்குவதும் குறையல்ல. நுரையைத் தாங்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) புரதம் இதில் இல்லை. குமிழிகள் தொடர்ந்து ஏறுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

படி 2: மூக்கு

கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் குட்டிக் குட்டியாக முகருங்கள். நீண்ட மூச்சாக இழுத்தால் கார்பன் டை ஆக்சைடின் நெடிதான் மூக்கில் ஏறும்.

பச்சை இஞ்சியில் எலுமிச்சையையும் பச்சைத் தாவரத்தையும் நினைவூட்டும் மணம் இருக்கும். அதிக நேரம் கொதிக்கவிட்டிருந்தால் அந்தத் துள்ளல் போய், இனிப்பு கலந்த வெந்த மணம் வரும். சுக்கு சேர்த்திருந்தால் மரவாடை கலந்த கனமான மணம் தெரியும். மூன்றில் எது என்று எழுதிவைத்துவிட்டு, பிறகு குடியுங்கள். முதல் வாய் உள்ளே போனபின் மூக்கின் கணிப்பு மாறிவிடும்.

படி 3: முதல் வாய், இரண்டாம் வாய்

முதல் வாயில் எதையும் தீர்மானிக்க வேண்டாம். அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாயை நாக்கு முழுக்கப் பரவவிட்டு, இனிப்பு, புளிப்பு, கசப்பு என்ற வரிசையில் கவனியுங்கள்.

சாதாரணச் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதுமாகத் தின்றுவிடும். ஆகவே தானாக நொதித்து முடிந்த இஞ்சி பீர் இனிப்பில்லாமல், மெலிந்து இருப்பதே இயல்பு. நல்ல இனிப்பு இருந்தால், நொதித்தலை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள் அல்லது பிறகு இனிப்புச் சேர்த்திருக்கிறார்கள். உயிருள்ள ஈஸ்ட்டோடு சர்க்கரையும் மிச்சமிருக்கும் பாட்டிலை வெளியே வைக்கக் கூடாது; உள்ளழுத்தம் ஏறி வெடிக்கலாம்.

லேசான புளிப்பைக் குறையாக எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தின் பழைய முறையில் பயன்பட்ட நொதிக் கட்டியை தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டு ஆராய்ந்து, அது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று 1892இல் விளக்கினார். அப்படித் தயாரித்ததில் தயிரில் வருவது போன்ற லாக்டிக் புளிப்பு இருந்தே தீரும். மூக்கைத் துளைக்கும் வினிகர் புளிப்புதான் குற்றம்.

படி 4: காரம்

இப்போதுதான் காரத்துக்கு வர வேண்டும். விழுங்கியபின் அது எங்கே, எப்போது பிடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே பாருங்கள். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். அது இன்னும் கடுமை. வேகவைத்தால் உண்டாகும் ஜிஞ்சரோன் சாதுவானது.

நல்ல இஞ்சிக் காரம் தொண்டையில் மெல்லப் பிடித்து, சூடாகப் பரவி, பிறகு விலகும். உதடும் நாக்கு நுனியும் எரிந்துகொண்டே இருந்தால், காரத்தைக் கூட்ட மிளகாய் சேர்த்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். தொண்டை கமறி இருமல் வந்தால் காரம் மட்டும் காரணமல்ல; குமிழியும் அதிகமாக இருக்கலாம். கிளாஸைச் சுழற்றி வாயுவைக் கொஞ்சம் போக்கிவிட்டு மறுபடி குடித்தால் எது எது என்று பிரிந்து தெரியும்.

படி 5: குறைகள்

நறுக்கிய பச்சை ஆப்பிள் வாசனை வந்தால், நொதித்தல் முடியும் முன்பே பாட்டிலில் அடைத்திருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் ஈஸ்ட் திணறியதைக் காட்டும். நெயில் பாலிஷ் நீக்கியின் நெடி வந்தால் எதைல் அசிடேட் என்ற வேதிப்பொருள் கூடியிருக்கிறது. ஈரமான அட்டை வாசனை காற்றுப்பட்டதால் வருவது. வெண்ணெய் வாசனை டையசிட்டைல் என்ற வேதிப்பொருளால் வருவது. இவற்றில் ஒன்றாவது தெளிவாகத் தெரிந்தால், காரம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

படி 6: மதிப்பெண்

பீர் போட்டி நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் தாளில் உள்ள 50 மதிப்பெண் கணக்கு இதற்கும் பொருந்தும்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு (வாயில் உணரும் கனம், குமிழி, சூடு) 5, மொத்த அபிப்பிராயம் 10. இஞ்சியின் ருசியை நான் சுவையில் சேர்ப்பேன். எரிச்சலும் சூடும் வாயுணர்வுக்குள் போகும்; அதற்கு மொத்தமே 5தான்.

எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் தயாரித்தவருக்குப் பயனில்லை. என் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்: "மணம் 9: பச்சை இஞ்சி, பின்னால் எலுமிச்சைத் தோல். சுவை 12: இனிப்பே இல்லை, தோலின் வெள்ளைப் பகுதிக் கசப்பு முடிவில் தங்குகிறது. வாயுணர்வு 3: காரம் தொண்டையில் அளவாக, பானம் வாயில் மெலிவு. அடுத்த முறை எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் சீவிப் போடவும். ஈஸ்ட் தின்ன முடியாத இனிப்பு கொஞ்சம் சேர்த்துப் பார்க்கவும்."

கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். குளிரில் ஒளிந்திருந்த குறை அப்போது வெளியே வரும். அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.