அமெரிக்க விசாவுக்கு முன் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரைப் பாருங்கள்

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். அமெரிக்க வேலை விசாவான எச்-1பிக்கு மனுப் போடுவதற்காகக் கம்பெனியில் பாஸ்போர்ட் நகல் கேட்கிறார்களாம். அனுப்புவதற்கு முன் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். பயந்தபடியேதான் இருந்தது. ‘கிவன் நேம்’ இடத்தில் அவன் பெயர். ‘சர்நேம்’, அதாவது குடும்பப் பெயர் இடம் வெறுமை. எட்டு ஆண்டுகளுக்கு முன் என் பாஸ்போர்ட்டும் அப்படித்தான் இருந்தது. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விசா எடுக்கும் படிகளை நான் விளக்கப் போவதில்லை. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும். 2023 ஜூனில் உயர்த்திய கட்டணப்படி மாணவர் விசாவுக்கு 185 டாலர், எச், எல் வகை வேலை விசாக்களுக்கு 205 டாலர். கைரேகைக்கு ஒரு நாள், சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். போட்டோவில் கண்ணாடி கூடாது. இவ்வளவையும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது பெயர் விஷயத்தைத்தான்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் மாரியப்பன் மகன் செல்வகுமார், பள்ளிக்கூடச் சான்றிதழில் மா. செல்வகுமார். அந்த ‘மா’ போதும், வேறு வால் தேவையில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. நம் தாத்தாக்களில் பலர் அதைச் செய்தும் காட்டினார்கள். பெயரைக் கேட்டதும் சாதி தெரியாத நிலையை உண்டாக்கியது சின்னக் காரியமில்லை. இதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும். ஆனால் அமெரிக்கக் கணினிக்கு இந்தக் கதை தெரியாது. அதற்கு முன்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சேர்ப்பதில்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர், “சர்நேம் கட்டாயமில்லை, விட்டுவிடலாம்” என்றார். நானும் தலையாட்டினேன். அமெரிக்க விசாவில் என்ன ஆகும் தெரியுமா? உங்கள் சொந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முன்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். ‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பெற்றவர்கள் காது குத்தி வைத்த பெயர் இருக்க, பெயர் தெரியாதவன் என்று விசா சொல்லும்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் கம்பெனி வக்கீல், பட்டச் சான்றிதழைப் பார்த்து, மனுவில் செல்வகுமார் மாரியப்பன் என்று எழுதிவிட்டார். ஐ-797 ஒப்புதல் கடிதம் அந்தப் பெயரில் வந்தது. விசாவும், விமான நிலையத்தில் இறங்கியபின் பதிவான ஐ-94 என்ற வருகைப் பதிவும் எஃப்என்யூ செல்வகுமார். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள்.

முதல் அடி ஓட்டுநர் உரிமத்தில் விழுந்தது. இங்கே அமெரிக்காவில் குடியேற்றப் பதிவோடு ஒத்துப் பார்த்துத்தான் உரிமம் தருவார்கள். மூன்று முறை போனேன், மூன்று முறையும் ‘பொருந்தவில்லை’ என்று திரையில் வந்தது. இங்கே நாங்கள் குடியிருந்த பக்கம் பஸ் கிடையாது. பால் வாங்க இரண்டு மைல் நடந்தோம், கைக்குழந்தையோடு, ஜனவரி மாதத்தில். கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த நடை இன்னும் முழங்காலில் இருக்கிறது.

அப்புறம் வங்கி, மருத்துவமனை, மருந்துக் கடை. எஃப்என்யூவை ஒரே சொல்லாக்கி, “ஃப்னு! ஃப்னு!” என்று செவிலியர் கூப்பிடுவார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். காத்திருப்பு அறையில் இன்னொரு ஃப்னுவும் இருந்தார், நெல்லூர்க்காரர். இருவரும் ஒன்றாக எழுந்து நின்றோம்.

ஐ-94ஐத் திருத்தலாமே என்று கேட்பீர்கள். அதிகாரி தவறாகப் பதிந்திருந்தால் திருத்துவார்கள். பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் இருப்பதை அப்படியே பதிந்திருந்தால் அது தவறே இல்லை. கடைசியில் இங்கிருந்தே பாஸ்போர்ட்டைப் புதிதாக எடுத்து, எச்-1பி நீட்டிப்பின்போது மனுவில் பெயரைச் சரிசெய்து, ஊருக்குப் போனபோது மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி வரிசையில் நின்று, புது விசா வாங்கினேன். இரண்டரை ஆண்டுகள் போயின. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தைச் சொன்னால் அம்மா அழுவார்.

ஆகவே தம்பி தங்கைகளே, மனுவோ, மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவமோ உங்கள் பெயரில் பிறப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். வரிசை மாறினால் செலவு பன்மடங்கு. பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவெளியீட்டுக்கு 36 பக்கப் புத்தகம் என்றால் 1,500 ரூபாய், தட்கலில் இன்னும் 2,000. சர்நேமில் அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். செந்தில்குமாரை இரண்டாக உடைத்து ‘குமார்’ என்பதைக் குடும்பப் பெயராக்கும் யோசனையும் சிலர் தருவார்கள். எனக்குப் பிடிக்காது. சான்றிதழ்களில் ஒட்டியிருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் வெட்டுப்பட்டுக் கிடக்கும்.

திருமணமான பெண்கள், கணவர் பெயரை சர்நேமாக மாற்றினால்தான் எச்-1பிகாரரின் மனைவிக்கான எச்-4 விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருமணச் சான்றிதழ்தான் முக்கியம். என் மனைவி பெயரோடு அவர் அப்பா பெயர், என் பெயரோடு என் அப்பா பெயர், மகள் பெயரோடு என் பெயர். ஒரே வீட்டில் மூன்று சர்நேம்கள். பள்ளியில் சேர்க்கும்போது, இது உங்கள் சொந்தக் குழந்தைதானா என்று நாசூக்காகக் கேட்டார்கள். இனிஷியல் பாடம் ஒன்று நடத்தினேன். கேட்டவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அமெரிக்கா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாக்களில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பேத்தியைப் பார்க்க துபாய் கிளம்பும் தாத்தா பாட்டிகளின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள்.

இப்போது அலுவலகத்தில் மேலாளர், “மாரியப்பன், அந்த வேலை ஏன் இன்னும் முடியவில்லை?” என்கிறார். ஊரில் நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத அப்பாவின் பெயர். முதல் தடவை கேட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். ஃப்னுவுக்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. டிஎஸ்-160இல், முழுப் பெயரைத் தாய்மொழி எழுத்தில் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வரும். அவசரத்தில் ‘பொருந்தாது’ என்று டிக் செய்துவிட்டுப் போய்விடாதீர்கள், அதில் தமிழிலேயே எழுதலாம். இரண்டாவது முறை நான் ‘மா. செல்வகுமார்’ என்று எழுதினேன், புள்ளியோடு.