போன்சாய் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் போன்சாய் (தொட்டியில் குறுமரம் வளர்க்கும் கலை) கற்க விரும்புவோர், ஆசிரியரிடம் அவர் கிளையை எவ்வாறு உருவாக்குகிறார் என்பதையே முதலில் கேட்டறிய வேண்டும். ஜப்பானின் போன்சாய்க் கலைஞர் மசாஹிகோ கிமுரா, பட்டுப்போன மரப்பகுதியை மின்கருவிகளால் செதுக்கிப் புகழ்பெற்றவர். அம்முறை ஊசியிலை வகையான ஜூனிப்பருக்குப் பொருந்தும், ஆனால் ஆலின் மென்மரமோ நம் மழையீரத்தில் எளிதில் உளுத்துவிடும். தென்சீனத்தின் லிங்னான் மரபினர், கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியைப் பெரிதும் நம்பாமல், கிளையை வேண்டிய பருமன் வரும்வரை வளரவிட்டு, குறுக வெட்டி, ஏற்ற திசை நோக்கிய மொட்டிலிருந்து எழும் தளிரையே அடுத்த கிளையாக்குகின்றனர். ஆண்டு முழுதும் துளிர்க்கும் நம் மரங்களுக்கு இதுவே உகந்தது என்பது என் கருத்து (பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்). கம்பி சுற்றக் கற்பிப்பவரானால், வெப்பநாட்டு மரங்களில் அது விரைவில் பட்டையில் பதிந்துவிடும் என்பதால், எப்போது அகற்றுவார் எனக் கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காவிடில் வேறொருவரை நாடுங்கள்.